கொலுசு எடையும் சோலாரும்: எட்டு வருடம் பயன்படுத்திய அனுபவம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது மொட்டை மாடியில் வைக்கும் சோலார் பேனல் பற்றியது அல்ல. அப்பாச்சி சோலார் என்ற தேடுபொறி மென்பொருள் பற்றியது. எங்கள் முதலாளி 2017 இல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "நம்ம கடையில சோலார் போட்டிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததில், பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கரண்ட் பில் எவ்வளவு குறைந்தது என்று என்னிடம் வந்து கேட்டார். பில் கூடித்தான் இருந்தது, ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடுகிறது.

நான் வேலை பார்ப்பது சேலத்தில் ஒரு வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரக் கடையில். பட்டறைகளிலிருந்து வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் போட்டோ, எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), டிசைன் பெயர் எல்லாம் ஏற்றி, வெளியூர் வியாபாரிகள் போனிலேயே தேடிப் பார்த்து ஆர்டர் கொடுக்கும்படி ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். தேடல் முடிவுக்குப் பக்கத்தில் "50–60 கிராம் (17)" என்று எண்ணிக்கையோடு கட்டம் கட்டமாக வருமே, அந்த ஒரு வசதியை மட்டும்தான் இங்கே எழுதப் போகிறேன். சோலாரில் அதற்கு ரேஞ்ச் ஃபேசட் என்று பெயர். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் இந்த எட்டு வருடத்தில் எனக்கு வந்த திட்டில் பாதி இதனால் வந்தது.

சோலாரின் பூர்வீகம் இரண்டு வரியில்: யோனிக் சீலி என்பவர் 2004 இல் சிநெட் நிறுவனத்துக்காக எழுதத் தொடங்கியது, 2006 இல் அப்பாச்சியிடம் கொடுக்கப்பட்டது. உள்ளே ஓடும் எஞ்சின் லூசீன், அது டக் கட்டிங் எழுதியது. காசு கிடையாது. நாங்கள் 6.6 இல் தொடங்கி, 8 க்குப் போய், இப்போது 9 இல் இருக்கிறோம். பதினோராயிரம் ஜோடிக்குப் பக்கமாக இருக்கும், அதற்குச் சோலார் தானாக எடுத்துக்கொள்ளும் 512 எம்பி நினைவகமே போதுமானதாக இருக்கிறது, பெரிய சர்வர் எல்லாம் வாங்கவில்லை.

ரேஞ்ச் ஃபேசட்டுக்கு மூன்று விஷயம் சொன்னால் போதும். எங்கே தொடக்கம், எங்கே முடிவு, எவ்வளவு இடைவெளி. நான் தொடக்கம் 0, முடிவு 300, இடைவெளி 10 என்று கொடுத்தேன். ஒரே நொடியில் முப்பது கட்டம் எண்ணிக்கையோடு வந்து நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை, முதலாளியை அழைத்துக் காட்டி, டீ கூட வாங்கிக் குடித்தாயிற்று.

நாலாவது நாள் முதலாளி கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"ஏம்ப்பா, இதுல 50லிருந்து 60 வரைக்கும் 17 ஜோடின்னு போட்டிருக்கு. தொட்டா 23 வருது. ஆறு ஜோடி எங்கிருந்து வந்துச்சு?"

"பார்த்துச் சொல்றேங்கண்ணா."

துணிக்கடையில் ஆறு கர்சீப் கூடினாலும் குறைந்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். வெள்ளிக் கடையில் ஆறு ஜோடி கணக்கு உதைத்தால் அது வேறு விஷயம். ஸ்டாக் புத்தகத்தை எடுத்து, தட்டுகளை இறக்கி, கடையில் இருந்த அத்தனை பேரும் ராத்திரி ஒன்பதரை வரை எண்ணினோம். பொருள் எல்லாம் சரியாக இருந்தது. தப்பு என்னுடையது.

நடந்தது இதுதான். சோலார் எண்ணும்போது, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், கீழ் எல்லையைச் சேர்த்துக்கொள்ளும், மேல் எல்லையைச் சேர்க்காது. அதாவது சரியாக 60 கிராம் உள்ள ஜோடி 50–60 இல் வராது, 60–70 இல் வரும். ஆனால் அந்தக் கட்டத்தைத் தொட்டால் ஓடும் ஃபில்டரை நான் தனியாக எழுதியிருந்தேன், இரண்டு பக்கமும் சதுர அடைப்புக்குறி போட்டு. சதுர அடைப்புக்குறி என்றால் இரண்டு எல்லையும் சேர்த்தி. எண்ணிக்கை ஒரு கணக்கில், வடிகட்டல் வேறு கணக்கில். சரியாக 60 கிராம் இருந்த ஆறு ஜோடி உள்ளே நுழைந்துவிட்டது. சோலாரில் ஒரு பக்கம் சதுர அடைப்புக்குறியும் மறு பக்கம் நெளி அடைப்புக்குறியும் கலந்து போடலாம், நெளிந்த பக்கத்து எல்லை சேராது. அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

வேறு பொருளாக இருந்தால் இது வருடக்கணக்கில் வெளியே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். எடை என்றால் 59.84, 60.37 என்று சிதறிக் கிடக்கும், சரியாக 60.000 விழுவது அபூர்வம் என்றுதான் கம்ப்யூட்டர் படித்த யாரும் நினைப்பார்கள். ஆனால் பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும்போதே "அறுபதுல பண்ணு", "எண்பதுல பண்ணு" என்றுதான் கொடுக்கிறார்கள். கைதேர்ந்த ஆள் மணியைக் கூட்டிக் குறைத்து அந்த எடையிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஆக எங்கள் சரக்கில் முழு எண்களில்தான் கூட்டம் அதிகம், நான் கோடு கிழித்ததும் அதே முழு எண்களில்தான். எல்லைக் கோட்டின் மேலேயே ஆட்கள் உட்கார்ந்திருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

சரி, ஃபில்டரை எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றினேன், 17 என்றால் 17 வந்தது. அப்புறம் அடுத்த வாரமே ஓமலூரிலிருந்து வாடிக்கையாக வாங்கும் அக்கா ஒருவர் போனில், "அறுபதுக்குள்ள கேட்டா அறுபது கிராம் ஜோடியே காட்ட மாட்டேங்குதே" என்றார். அவர் சொன்னது நியாயம். நம் பேச்சில் "அறுபதுக்குள்ள", "அறுபது வரைக்கும்" என்றால் அறுபதும் சேர்த்தி. "அறுபதுக்கு மேல" என்றால் அறுபது சேராது. சோலாரின் வழக்கம் இதற்கு நேர் எதிர். நல்ல வேளையாக இன்க்ளூட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதில் அப்பர் என்று கொடுத்தால் மேல் எல்லை சேரும், கீழ் எல்லை விலகும். ஒரே சொல் மாற்றம். ஃபில்டரில் நெளி அடைப்புக்குறியை இடது பக்கத்துக்கும் சதுரத்தை வலது பக்கத்துக்கும் மாற்றினேன், அக்காவும் சந்தோஷம், கணக்கும் சந்தோஷம். ஆல் என்று ஒரு விருப்பமும் இருக்கிறது, அதைப் போட்டால் 60 கிராம் ஜோடி இரண்டு கட்டத்திலும் எண்ணப்படும், கூட்டினால் மொத்தம் உதைக்கும். எங்களைப் போன்ற கடைக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நடுவில் எலாஸ்டிக்சர்ச் என்ற இன்னொரு தேடுபொறி மென்பொருளையும் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும். அதில் ரேஞ்ச் அக்ரிகேஷன் என்று இருக்கிறது, கட்டங்களை நம் இஷ்டத்துக்கு ஏற்றத்தாழ்வாக வெட்டிக்கொள்ளலாம், எழுதுவதும் படிப்பதும் சோலாரைவிடச் சுத்தம். ஆனால் அங்கே தொடக்கம் எப்போதும் சேர்த்தி, முடிவு எப்போதும் சேராது, மாற்ற வழி இல்லை. அப்படியானால் முடிவை 60.001 என்று கொடுத்து ஏமாற்ற வேண்டும். ஏமாற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஏற்கெனவே சோலார் ஓடிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவராக இருந்தால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

அடுத்த பாடம் தசமப் புள்ளி. எடையை ஃப்ளோட் என்ற தசம எண் வகையில் வைத்திருந்தேன். கொலுசு வரைக்கும் பிரச்சினை தெரியவில்லை. மெட்டி ஏற்றியபோது, எடை வரம்பைத் தேர்ந்தெடுக்க இழுக்கும் பட்டைக்கு மேலே குட்டிக் குட்டித் தூண்களாகப் படம் வரட்டுமே என்று ஆசைப்பட்டு இடைவெளியை 0.1 கிராம் என்று வைத்தேன். திரையில் 0.70000005 கிராம் என்று வந்தது. முந்தைய எல்லையோடு இடைவெளியைக் கூட்டிக் கூட்டித்தான் அடுத்த எல்லை உருவாகிறது, ஃப்ளோட்டில் 0.1 என்பது துல்லியமாக நிற்காது, கூட்டக் கூட்டப் பிசிறு சேர்கிறது. இதற்கு ஒரே வழி, எடையை முழு எண்ணாக, மில்லிகிராமில் வைப்பது. 60 கிராம் என்றால் 60000. காட்டும்போது ஆயிரத்தால் வகுத்துக்கொண்டால் போயிற்று.

அப்படி மாற்றிய அன்றைக்குச் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கம், முடிவு இரண்டையும் மில்லிகிராமுக்கு மாற்றினேன், இடைவெளியை மட்டும் பழைய 10 ஆகவே விட்டுவிட்டேன். 0 முதல் 300000 வரை, பத்துப் பத்தாக. முப்பதாயிரம் கட்டம். சோலார் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முப்பதாயிரத்தையும் எண்ணிக் கொடுத்தது, வாடிக்கையாளர்களின் போன்தான் உறைந்து நின்றது. மின்கவுண்ட் (குறைந்தபட்ச எண்ணிக்கை) என்பதை 1 ஆக வைத்திருந்தால் காலிக் கட்டங்களாவது மறைந்திருக்கும். அதற்குப் பிறகு, கட்டம் நாற்பதைத் தாண்டினால் க்வெரியை அனுப்பவே கூடாது என்று எங்கள் பக்கத்து நிரலிலேயே ஒரு தடை போட்டுவிட்டேன்.

பதிப்பு மாற்றத்தில் பட்டதும் இதன் தொடர்ச்சிதான். 7 ஆம் பதிப்பிலிருந்து பழைய ட்ரை வகை எண் ஃபீல்டுகளைக் கைவிடச் சொல்லி, பாயிண்ட் வகைக்கு மாறச் சொல்கிறார்கள். நாங்கள் 8 க்குப் போகும்போது மாறினோம். வகையை மாற்றினால் இண்டெக்ஸை, அதாவது சோலார் தேடுவதற்காகக் கட்டி வைக்கும் அட்டவணையை, முழுதாக மறுபடி கட்ட வேண்டும், அது எங்களுக்கு டீ குடித்து வரும் நேரம்தான். ஆனால் டச் ஃபீல்டில் டாக்வேல்யூஸ் (எண்ணவும் வரிசைப்படுத்தவும் மதிப்புகளைத் தனியாக அடுக்கி வைக்கும் அமைப்பு) போட மறந்துவிட்டேன். பாயிண்ட் ஃபீல்டில் அது இல்லாமல் ஒவ்வொரு மதிப்பாக எண்ணச் சொன்னால் சோலார் முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் பிழை காட்டும், வரிசைப்படுத்தவும் முடியாது. எண் ஃபீல்டு எதுவானாலும் யோசிக்காமல் டாக்வேல்யூஸ் போட்டுவிடுங்கள்.

இனி நான் அதிகம் சொல்ல வந்த விஷயம். சமமான இடைவெளி என்பதே எங்கள் வியாபாரத்துக்குப் பொருந்தவில்லை. பத்துப் பத்து கிராமாக வெட்டினால், 30 முதல் 80 வரையிலான ஐந்தே கட்டத்தில் சரக்கில் பெரும்பங்கு போய் அடைந்துகொள்கிறது, 200 க்கு மேல் ஒரு கட்டத்துக்கு ஒன்று இரண்டு என்று காற்றாடுகிறது. இடைவெளியைப் பெரிதாக்கினால் நடுவில் உள்ளவர்களுக்கு உபயோகமில்லை, சிறிதாக்கினால் கடைசியில் உள்ளவர்களுக்கு உபயோகமில்லை. ஒரு வருடம் 10, 15, 25 என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். 40 போட்டபோது இன்னொரு வேடிக்கை, 300 நாற்பதால் வகுபடாதே, கடைசிக் கட்டம் 280–320 என்று நீண்டுகொண்டது. ஹார்ட்எண்ட் என்பதை ஆம் என்று வைத்தால்தான் 300 இல் வெட்டும், வைக்காவிட்டால் தாண்டிப் போகும்.

ஒரு நாள் மதியம் கூட்டமில்லாத நேரம், கடையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். ஒவ்வொரு வெல்வெட் தட்டின் ஓரத்திலும் ஒரு துண்டுச் சீட்டு, பால் பாயிண்ட் பேனாவில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டி, டேப்பே மஞ்சளாகிப் போயிருந்தது. "25 வரை", "40 வரை", "55 வரை", "80 வரை", "120 வரை", "200 வரை", "கல்யாணம்". அவ்வளவுதான். முதலாளியின் அப்பா காலத்தில் எழுதியதாம். குழந்தைக் கொலுசு எங்கே முடிகிறது, தினசரி போடுவது எங்கே முடிகிறது, சீருக்கு வாங்குவது எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் அந்த ஏழு சீட்டில் இருந்தது. நான் ஒரு வருடமாகச் சோலாருக்குள் தேடிய வெட்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் ஒட்டியிருந்திருக்கின்றன. எல்லாமே "வரை" என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள், அறுபது பஞ்சாயத்துக்கு விடையும் அதிலேயே இருந்தது.

இப்படி ஏற்றத்தாழ்வான வெட்டுகளுக்குச் சோலாரில் வழி பல உண்டு. ஒவ்வொரு வரம்புக்கும் தனி ஃபேசட் க்வெரி எழுதுவது பழைய வழி, நான் இன்றும் பயன்படுத்துவது அதுதான், ஏழு வரி, படித்தால் யாருக்கும் புரியும். இண்டர்வல் ஃபேசட் என்று ஒன்று 4.10 இலிருந்து இருக்கிறது, டாக்வேல்யூஸ் கட்டாயம். கேள்வியை ஜேசன் வடிவில் எழுதி அனுப்பும் ஜேசன் ஃபேசட்டில் நாமே வரம்புகளைப் பட்டியலாகக் கொடுக்கும் வசதி 8 வரிசையில் வந்தது. புதிதாக எழுதினால் ஜேசன் பக்கம் போவேன். ஓடுகிற வண்டியை நிறுத்தி டயர் மாற்ற எனக்கு மனமில்லை.

விலை வரம்புதான் இன்னும் தலைவலி. 2017 இல் வெள்ளி கிராம் நாற்பது ரூபாய் சுமாருக்கு இருந்தபோது, 0 முதல் 10000 வரை ஆயிரம் ஆயிரமாக வெட்டினேன். 2020 இல் ரேட் ஏறியபோது, கனமான கொலுசுகள் ஒவ்வொன்றாக வரம்புகளிலிருந்து காணாமல் போயின. தேடினால் வரும், ஆனால் எந்த விலைக் கட்டத்திலும் இருக்காது. முடிவு எல்லையைத் தாண்டியதை, அதர் என்ற அமைப்பில் ஆஃப்டர் என்று கேட்டால் ஒழிய, சோலார் சொல்லாது. கேட்டு வைத்தேன், "10,000 க்கு மேல்" என்று ஒரு கட்டம் வந்தது. 2025 தீபாவளிக்கு முந்தைய வாரம் கிராம் இருநூறைத் தாண்டியபோது கடையில் முக்கால்வாசி அந்த ஒரே கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதோடு விலையை இண்டெக்ஸில் வைப்பதையே நிறுத்திவிட்டேன். காலையில் ஒரு ரேட், சாயங்காலம் ஒரு ரேட் என்று இருக்கும்போது நேற்று ராத்திரி ஏற்றிய விலையை வைத்து என்ன செய்வது? இப்போது எடையை மட்டும் வைத்துக்கொண்டு, அன்றைய ரேட்டைத் தேடலோடு அனுப்பி, இரண்டையும் பெருக்கிவரும் எண்ணை எஃப்ரேஞ்ச் என்ற ஃபில்டர் மூலம் வரம்புக்குள் பொருத்துகிறேன். செய்கூலி தனி ஃபீல்டு, அதையும் கூட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்குப் போடுவதால் இது மெதுவான வழிதான், லட்சக்கணக்கில் பொருள் வைத்திருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள், எங்கள் அளவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒன்று மட்டும்: எஃப்ரேஞ்ச் சும்மா விட்டால் இரண்டு எல்லையையும் சேர்த்துக்கொள்ளும். ஒரு பக்கத்தை நாம்தான் அணைக்க வேண்டும். நான் முதலில் அணைக்கவில்லை. ஆமாம், மறுபடியும்.

தேதி வரம்பு பற்றிச் சுருக்கமாக. "இன்று வந்தவை" என்ற கட்டத்தில், விடியற்காலை ஏற்றிய சரக்கு "நேற்று" என்று விழுந்துகொண்டிருந்தது. சோலாருக்கு நாள் பிறப்பது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், நமக்கு அது காலை 5.30. நேர மண்டலத்தைச் சொல்லும் டீசெட் என்பதில் ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்தால் நம் நள்ளிரவுக்கு நாளை வெட்டும்.

இன்னொரு இடத்திலும் இதே வேலையைச் செய்து பார்த்தேன், அது ஏற்காடு. மைத்துனர் அங்கே தங்கும் அறைகள் நடத்துகிறார், அவருக்கும் அவர் நண்பர்களுக்குமாகச் சேர்த்து ஒரு சின்னத் தேடல் பக்கம். ஏரியிலிருந்து 2 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் என்று தூர வரம்பு வைத்தேன். சோலாரின் ஜியோடிஸ்ட் தூரத்தைக் காக்கை பறக்கும் கணக்கில் நேர்கோடாகப் போடும். மலையில் யார் நேர்கோட்டில் போகிறார்கள்? சேலத்திலிருந்து ஏறும் ரோட்டிலேயே இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவு ஓரமாக இருக்கும் ஒரு விடுதி, வரைபடத்தில் ஏரிக்குப் பக்கம் என்று முதல் கட்டத்தில் வந்துவிட்டது, அங்கே தங்கிய குடும்பம் ஏரிக்குப் போக காரில் சுற்றிய சுற்றில் குழந்தை வாந்தியே எடுத்துவிட்டதாம். இப்போது ரோட்டுத் தூரத்தை ஒவ்வொரு விடுதிக்கும் கையால் எழுதி, சாதாரண எண் ஃபீல்டாக வைத்துவிட்டேன்.

குறை என்று சொன்னால், ரேஞ்ச் ஃபேசட் பதிலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழ் எல்லை மட்டும்தான் வரும், மேல் எல்லையை நாமே கூட்டிக் காட்ட வேண்டும், இது வருடக்கணக்காக எரிச்சல். ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் மற்ற கட்டங்களெல்லாம் பூஜ்யமாகிவிடும், ஃபில்டருக்கு டேக் போட்டு, எண்ணும்போது அதை விலக்கச் சொல்ல வேண்டும், இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஆறு மாதம் ஆனது. அப்புறம் சோலார் ஓடும் 8983 போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், கடவுச்சொல் நாம் போட்டால்தான் உண்டு.

பிடித்தது என்றால், வரம்பை மாற்ற இண்டெக்ஸைத் தொட வேண்டியதில்லை என்பது. வெட்டெல்லாம் கேள்வியில்தான் இருக்கிறது, தரவில் இல்லை. போன மாதம் ரேட் ஏறியதால் எல்லாரும் லேசான கொலுசாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள், முதலாளி "25 வரை" தட்டை இரண்டாகப் பிரித்து ஒரு புதுச் சீட்டு எழுதி ஒட்டினார், "15 வரை". டேப் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கிறது. நான் போய் ஏழு வரியை எட்டு வரியாக்கினேன், பத்து நிமிடம். எண்ணிக்கை 41 காட்டியது. தட்டை இறக்கி எண்ணிப் பார்த்தார், 41.

"சரிதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, 15 கிராம் ஜோடி ஒன்றைக் கையில் எடுத்து, "இது எதுல வருது?" என்றார்.